பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வாரத்து உணவு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது மலைநாட்டின் பெரும்பகுதி வெளியுலகத் தொடர்பை இழந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியாவுக்கு ஏறும் வீதிகள் அடைபட்டன, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது, மின்சாரம் போனது, தொலைபேசி வேலை செய்யவில்லை. ஒரு தோட்டத்துக் குடும்பம் அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டது என்பது, மழை வலுப்பதற்கு முந்திய மாலையில் அந்த வீட்டுத் தகரத்திலும் மூட்டையிலும் என்ன இருந்தது என்பதைப் பொறுத்ததாக இருந்தது.

அவசர காலத்துக்கு வீட்டைத் தயார்ப்படுத்துவது பற்றி உலகெங்கும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று நாளுக்கான பை, இரண்டு வாரத்துக்கான உணவு, ஆளுக்கு இத்தனை லீற்றர் தண்ணீர், மின்கலம், முதலுதவிப் பெட்டி என்று பட்டியல்கள் நீளும். அவற்றை மொழிபெயர்த்துத் துண்டுப் பிரசுரமாகத் தோட்டங்களில் கொடுக்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டது தனி வீடும், அதில் ஒரு சாமான் அறையும், மாதச் சம்பளத்தில் மிச்சமும், வாசலில் வாகனமும் உள்ள குடும்பத்துக்கு. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் லயம் எனும் வரிசை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அந்த நான்கில் ஒன்றும் இல்லை. ஆகவே, அந்த வீட்டில் எதை, எப்படி, யார் செலவில் சேமிப்பது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். பழைய லயத்துக் காம்பரா ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் புகை படிந்த குசினி. அதற்குள் ஐந்து பேர், சில வீடுகளில் இரண்டு குடும்பம். படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், சாமிப்படம், விறகு எல்லாம் அங்கேதான். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றை நிரந்தரமாக வைத்தால் ஒரு பிள்ளை படுக்கும் இடம் குறுகிவிடும்.

அடுத்தது காசு. ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கென்று பத்துக் கிலோ அரிசி, மூன்று கிலோ கோதுமை மா, இரண்டு கிலோ பருப்பு, இரண்டு கிலோ சீனி, ஒரு பால்மாப் பெட்டி, கொஞ்சம் கருவாடு, எண்ணெய், உப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி என்று கணக்குப் போட்டால், 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் வந்தது. இங்கே பேர் என்பது செக்ரோலில் பதியும் ஒரு நாள் வேலை. குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். சேமலாப நிதியும் முற்பணமும் கழிந்த பிறகு கைக்கு வருவது முழுப் பேருமல்ல. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8. நெருக்கடி வருவதற்கு முந்திய சாதாரணக் காலத்தின் நிலை இது. ஐந்து பேரின் சம்பளத்தை எடுத்து மூட்டையாகக் கட்டி மூலையில் வை என்று இப்படி ஒரு வீட்டுக்குச் சொல்ல முடியாது.

அந்த மக்களுக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை என்று சொல்கிறவர்களை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அது வரலாறு தெரியாத பேச்சு. தோட்டம் என்ற அமைப்பு தொடங்கிய நாளிலிருந்தே, தொழிலாளியின் உணவு அவர் வீட்டில் இருக்காமல் தோட்டத்தின் களஞ்சியத்தில் இருக்கும்படிதான் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டது. அரிசியைத் தோட்டம் கொடுத்தது, விலையைச் சம்பளத்தில் கழித்தது. வந்த வழியின் செலவும் கங்காணியிடம் வாங்கிய முற்பணமும் கடனாக நின்றன. அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத முறை 1921 வரை இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக வைத்தபோது, தோட்டம் கொடுக்கும் அரிசி புசலுக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையும் அதனோடு பிணைத்தே கணக்கிட்டார்கள். கூலியும் சோறும் ஒரே ஏட்டில் இருந்தன. அந்த ஏட்டுக்கு வெளியே ஒரு மூட்டை அரிசி சேர்க்க வழியும் இல்லை, சேர்த்து வைக்கச் சொந்த நிலமும் இல்லை.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. இன்று மலையகத்தின் காலை உணவு என்று எல்லோரும் சொல்லும் ரொட்டி அந்தப் போர்க்காலத்தில் வேர் பிடித்தது. இறக்குமதி தானியத்தை நம்பிய குடும்பம், ஒன்று தவறினால் இன்னொன்று என்று இறக்குமதிக்குள்ளேயே மாறிக்கொண்டது.

அதன் விலையை 1973, 1974ஆம் ஆண்டுகளில் கொடுக்க நேர்ந்தது. உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலை ஏறின, இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை, பங்கீடு வெட்டப்பட்டது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு துண்டு வயலும் பலாமரமும் ஈரப்பலாவும் இருந்தன. தோட்டத்தில் தேயிலை மட்டும் இருந்தது. பசியோடு பட்டணங்களுக்கு இறங்கி வந்தவர்களைப் பற்றியும் தெருவோரத்தில் இறந்தவர்களைப் பற்றியும் அன்றைய முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். தோட்டங்களின் மரண வீதம் அந்த இரண்டு ஆண்டுகளில் கூர்மையாக ஏறியதைப் பதிவுகளும் காட்டுகின்றன. இலங்கையின் நவீன வரலாற்றில் பட்டினி என்ற சொல்லை முழுப் பொருளில் பயன்படுத்தக்கூடிய இடம் ஏதாவது இருந்தால் அது அன்றைய மலையகத் தோட்டம். சேமிப்பு என்ற பேச்சை எடுக்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் அன்று செத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாள் தவறாமல் மலையேறியவர்கள்.

2022 அதே பாடத்தை வேறு வடிவில் கொண்டுவந்தது. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்தை இறக்குமதி செய்யத் தடை விதித்ததில் தேயிலையும் மரக்கறியும் விளைச்சல் குறைந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. கோதுமை மா ஓராண்டில் மூன்று மடங்கைத் தாண்டியது. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 340 ரூபாயானது. மெழுகுதிரிக்கும் பேனாவுக்கும்கூடக் கணக்குப் பார்த்த வீடுகளில் மூன்று வேளை இரண்டானது, குழம்பு சம்பலானது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17.3 வீதமும் தோட்டத்தில் 31.7 வீதமுமாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த மூன்றாம் வேளை எந்த உடம்பிலிருந்து கழிக்கப்பட்டது என்று புரியும்.

ஆக மலையகத்தில் அவசரம் என்பது ஒன்றல்ல. புயலும் மண்சரிவும் மட்டும் என்று எண்ணினால் பாதியைத்தான் எண்ணியவர்களாவோம். விலை ஏறுவது, வேலை நாள் குறைவது, லயத்தில் தீப்பிடிப்பது, வீட்டில் ஒருவர் திடீரென்று விழுவது, வீதி அடைபடுவது எல்லாம் அதில் அடங்கும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் கட்டிய துணியோடு ஓடியவர்களும், வவுனியாப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறியவர்களும் இந்த மலைகளைச் சேர்ந்தவர்கள்தான். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சாமானைக் கேட்கும். தீக்கும் வன்செயலுக்கும் மூட்டை அரிசி உதவாது, தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விலையேற்றத்துக்குப் பை உதவாது, அரிசிதான் வேண்டும்.

ஆண்டின் போக்கிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளை அடிக்கும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அப்போது நனைந்துகொண்டே இருக்கும். வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் வங்கக் கடலின் தாழமுக்கங்களும் வரும். அதன் பின் வடகீழ்ப் பருவமழை இராகலை, வலப்பனை, ஊவாப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளுக்கு. 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்ததும், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்ததும், 2025 நவம்பரில் டித்வா வந்ததும் ஒக்டோபரில் தொடங்கும் இந்த மழைக்காலத்தில். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கும். மார்ச் வரை வரட்சியில் கொழுந்து குறையும், பேர் குறையும், பீலியில் தண்ணீரும் குறையும். கொழுந்து பொங்கும் காலத்தில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில் கையில் கொஞ்சம் காசு புரளும். சேர்ப்பதென்றால் அப்போதுதான். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலமும் மண்சரிவுக் காலமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தால், அந்தக் காசில் ஒரு சிறு பங்கை உடுப்புக்குப் போகுமுன் ஒதுக்குவதற்கான காரணம் தெளிவாகும். அதைச் சொல்லும்போதே மனம் கூசுகிறது. ஆண்டுக்கொரு முறை பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்கிற காசு அது.

மண்சரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் காசு செலவில்லாத தயாரிப்பே உயிரைக் காக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மூன்று நிலை எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்துக்குள் 75 கொட்டினாலோ சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். ஆனால் இந்த எச்சரிக்கை பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம் என்று படியிறங்கி லயத்துக்கு வரும்போது இரவு பன்னிரண்டு மணியாகலாம், சிங்களத்தில் மட்டும் இருக்கலாம், அல்லது வராமலே போகலாம். டித்வா நாட்களிலும் தமிழில் உரிய நேரத்தில் அறிவித்தல் கிடைக்கவில்லை என்ற குரல் பலமாக எழுந்தது.

ஆனால் மழையை அளக்கும் கருவி தோட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தோட்டங்கள் தினமும் மழையளந்து ஏட்டில் எழுதி வருகின்றன. கொழுந்துக் கணக்குக்காக எழுதப்படும் அந்த எண்ணைக் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் சத்தமாக வாசித்தால் போதும். மூன்று அங்குலம் என்பது மஞ்சள், நான்கு அங்குலம் செம்மஞ்சள், ஆறு அங்குலம் சிவப்பு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அதுவும் இல்லாத இரவில், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு தகரத்தைக் கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில் சமமாக வைத்துவிட்டு அடிமட்டத்தால் பார்க்கலாம். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். ஒரு மணி நேரத்தில் அந்த உயரம் நிரம்பினால் யாருடைய தொலைபேசிக்கும் காத்திருக்கக் கூடாது.

மலை முன்கூட்டிச் சொல்லும் செய்திகளும் உண்டு. நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, திடீரென்று அடைக்க மறுக்கும் கதவு, சாயத் தொடங்கும் மரம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று நின்றுபோவது, தெளிந்த பீலித் தண்ணீர் கலங்கி வருவது, மேலே மலையில் உறுமல். இவற்றை அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் மற்ற எல்லோருக்கும் முன்னால் அறிவார்கள்.

அறிந்திருந்தும் மீரியபெத்தையில் ஏன் நகரவில்லை? 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் அங்கே லயங்கள் புதைந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. போ என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. விட்டுப் போனால் பேரும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும், கடையில் கடன் கொப்பியும் போகும். உயிர் தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் வீடு கட்டிக் கொடுத்தது மரணங்களுக்குப் பிறகு. அதை முன்பே கொடுத்திருந்தால் அந்த எச்சரிக்கை எச்சரிக்கையாக இருந்திருக்கும். இது என் தீர்ப்பு, இதில் நான் தயங்கவில்லை.

இனி வீட்டுக்குள் வரலாம். எது முதலில் என்று கேட்டால் அரிசிக்கு முன் காகிதம் என்பேன். வேறு ஊரில் அடையாள அட்டை தொலைந்தால் ஒரு நாள் அலைச்சல். மலையகத்தில் காகிதம் இல்லாத குடும்பம் பட்ட பாடு மூன்று தலைமுறைக் கதை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை. அப்படிப்பட்ட சமூகத்தில் லயத்தில் தீப்பிடித்தால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் காம்பராக்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தீ ஓட அதிக நேரம் எடுக்காது. உடுப்பும் பாத்திரமும் யாராவது தருவார்கள். பிறப்புச் சான்றிதழை யார் தருவார்கள்?

ஆகவே கதவருகே ஆணியில் தொங்க வேண்டிய பைக்குள் முதலில் போக வேண்டியவை: பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வங்கிக் கொப்பி, அரசின் அஸ்வெசும உதவித்தொகை விபரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், கிளினிக் கொப்பி, வீட்டுக்கோ காணிக்கோ கொடுத்த கடிதம், அடகுச் சீட்டு. கடைசியாகச் சொன்னதை எந்தப் பிரசுரமும் சொல்வதில்லை. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு சோடித் தோடாக அடகுக் கடையில் இருக்கும் வீடுகள் நிறைய. அந்தச் சீட்டு நனைந்தால் சேமிப்பே சிக்கலில். எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு, கைப்பேசியில் படமெடுத்து, கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் பிள்ளைக்கு அனுப்பிவிடுவது நல்லது. அதே பையில் டோர்ச், தீப்பெட்டி, ஒரு மாத்து உடுப்பு, பெண்களுக்கான துணி, பிரெஷர், சீனி வியாதிக் குளிசைகள் ஒரு வாரத்துக்கு. கிளினிக்கில் மாதத்துக்கென்று தரும் குளிசை தீரும் நாளும் மழைக்காலமும் மோதுமானால் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் நாள் நெருங்கும்போது டவுனுக்குக் கிட்ட இருக்கும் உறவினர் வீட்டுக்கு முன்பே போவதுதான் தயாரிப்பு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் வீதி இருந்தால்தான் வரும்.

உணவுக்கு ஒரு வழி நம் பெண்களிடமே இருக்கிறது. உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடும் பிடியரிசிப் பழக்கம். ஒரு பிடி நாற்பது, ஐம்பது கிராம் வரும். காலையும் மாலையும் சமைக்கும் வீட்டில் நாளுக்குத் தொண்ணூறு கிராம் என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டே முக்கால் கிலோ, மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ. ஐந்து பேருக்கு ஒரு வாரத்தை அது நெருங்கிவிடும். ஒரே நாளில் ஐந்து பேர் சம்பளத்தைத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. சேர்ந்ததைப் பூட்டி வைக்கவும் கூடாது: சம்பள நாளில் புது அரிசி வந்ததும் பழையதைச் சமையலுக்கு எடுத்துப் புதியதைப் பானையில் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டு தின்னும்.

மலைநாட்டின் ஈரம் சேமிப்புக்குப் பெரிய எதிரி. உப்பு கரையும், சீனி கட்டியாகும், செத்தல் மிளகாயிலும் கருவாட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும், மா புளித்த வாடை அடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். வயிற்றுக்கு மட்டுமல்ல, ஈரலுக்கும் அது கேடு. அரிசியையும் பருப்பையும் வெயில் காலத்தில் நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பிஸ்கட் டின்னிலோ பிளாஸ்டிக் போத்தலிலோ விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே காற்றுக் குறையும், வண்டும் குறையும். தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, மண்சுவரைத் தொடாமல் வைப்பது நல்லது. அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அந்தப் புகையும் சூடும் கருவாட்டைக் காக்கும்.

அந்தப் பரணின் முதல் வேலை விறகு உலர்த்துவது. கவ்வாத்து நடக்கும்போது சேர்க்கும் தேயிலை மிலாறுதான் பெரும்பாலான லயங்களின் எரிபொருள். மழைக்கு முன் ஒரு கட்டு மிலாறு காய்ந்து கிடந்தால் கேஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஆனாலும் அடுப்பே மூட்ட முடியாத ஓரிரவு வரும், பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில்லாமல் இருக்கும் இரவு. அதற்கு வறுத்த குரக்கன் மா, அவல், பொரிகடலை, பிஸ்கட் என்று இரண்டு வேளைக்குக் கையோடு எடுத்துப் போகக் கூடியவை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு இணை எதுவும் இல்லை. சுத்தமான தண்ணீரும் சூடும் இல்லாத இடத்தில் போத்தல் பால் கரைத்துக் கொடுப்பது வயிற்றுப்போக்கை அழைக்கும். திரிபோஷா சத்துமா கிடைக்கும் தாய்மார் ஒரு பைக்கற்றை இந்தக் காலத்துக்கென்று வைத்திருக்கலாம்.

தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. வானமே ஊற்றும்போது தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். மலையூற்றிலிருந்து வரும் குழாயைத்தான் மண்சரிவு முதலில் உடைக்கும், உடையாத குழாயிலும் சேறு வரும். மஞ்சள் எச்சரிக்கை வந்ததும் வீட்டிலுள்ள மூடியுள்ள பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்புவது பழக்கமாக வேண்டும். குடிக்க ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றராவது. கலங்கிய தண்ணீரைத் தெளியவிட்டு, மடித்த துணியில் வடித்து, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு வீடு செய்யலாம். ஆனால் ஒரு வீட்டால் முடிவது ஒரு வாரத்துக்கு மேல் போகாது, அதற்கு மேல் லயமாகத்தான் தாங்க முடியும். உண்மையில் தோட்ட மக்கள் இதுவரை நெருக்கடியைத் தாண்டியது மூட்டையால் அல்ல, ஒருவரையொருவர் நம்பியதால். அடுத்த காம்பராவில் வாங்கும் ஒரு சுண்டு அரிசி, பெண்கள் பிடிக்கும் சீட்டு, கடைக்காரரின் கடன் கொப்பி, மரண வீட்டுக்கு எல்லாரும் போடும் பணம் எல்லாம் சேமிப்பின் வடிவங்களே. அவற்றின் பலவீனம் ஒன்றுதான். விலை ஏறினாலோ வீதி அடைபட்டாலோ எல்லா வீடும் ஒரே நாளில் காலியாகும். அடுத்த காம்பராவிலும் கடனில்லை, கடையிலும் சரக்கில்லை. 2022இல் இது நடந்தது.

அதனால் லயத்துக்கு வெளியே, ஆனால் தோட்டத்துக்குள்ளே, ஒரு பொதுக் களஞ்சியம் வேண்டும். இடம் ஏற்கெனவே இருக்கிறது: பிள்ளைக்காம்பரா, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம். ஐம்பது குடும்பத்துக்கு ஐந்து நாளுக்கென்று 400 கிலோ அளவில் அரிசியும் அதற்கேற்ற பருப்பும் ஒரு பெரிய அண்டாவும் குளோரின் குளிசையும் தார்ப்பாய்களும் வைப்பது ஒரு கம்பனிக்கோ கூட்டுறவுக்கோ மாதர் சங்கத்துக்கோ பெரிய காரியமல்ல. மூன்று மாதத்துக்கொரு முறை அந்த அரிசியைச் சம்பளக் கணக்கில் மக்களுக்கே வாங்கிய விலைக்கு விற்றுப் புதியதை வைத்தால் கெட்டும் போகாது. நூறாண்டுக்கு மேல் அரிசிக் களஞ்சியம் நடத்திய தோட்டங்களுக்கு இதன் நடைமுறையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வித்தியாசம் கணக்கு ஏடு யார் கையில் என்பதில். இம்முறை அது லயத்துப் பெண்களின் கையில் இருக்க வேண்டும்.

அரசின் பங்கு இதில் ஒதுங்கி நிற்பதாகவே இருந்து வந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் வீதியோ தண்ணீரோ போட சபைக்குச் சட்டத்தடை இருந்தது. அந்த மக்களின் வாக்கில் தெரிவான சபை அந்த மக்களின் ஒழுங்கையைத் திருத்த முடியாதிருந்தது. தடை போன பிறகும் பணம் போதுமான அளவு போகவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் மெதுவாக நகர்கிறது; 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு வந்தால் பானை வைக்க மூலை வரும், பூசணியும் மரவள்ளியும் நட இரண்டு பாத்தி வரும். ஆனால் அந்தக் காணியின் சரிவைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும். டித்வாவுக்குப் பிறகு இதில் அவசரப்படுகிறவர்கள் அடுத்த மீரியபெத்தைக்கு இடம் பார்க்கிறார்கள்.

உடனே, அடுத்த மழைக்கு முன், காசில்லாமல் செய்யக் கூடியவை சில மிஞ்சியிருக்கின்றன. தங்குமிடமாகக் குறிக்கப்பட்ட பள்ளிக்கூடத்தின் சாவி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு லயத்தவரும் இந்த வாரமே விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அது டவுனில் வசிக்கும் ஒருவரிடம் இருக்கும். இரண்டாவது சாவி ஒன்று தோட்டத்துக்குள், இரவில் எழுப்பக்கூடிய ஒரு வீட்டில் இருக்க வேண்டும். யார் வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், அவரைத் தூக்குவது யார், எந்தப் பாதை ஓடையைக் கடக்காமல் போகிறது, மலைமேல் வெடிப்பைப் பார்த்தால் அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அழைப்பது யார் என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி முடிவு செய்யலாம். தோட்ட அலுவலகத்தின் மழையேட்டை வாசிக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கட்டும்.